நடுவு நிலைமையும் தனி ஆலோசனையும்: மணமுறிவு மத்தியஸ்தம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மணவாழ்வு முறிவதை எந்தச் சமூகமும் விரும்புவதில்லை. ஆயினும் முறிந்துபோன மணவாழ்வை எவ்வாறு முடித்து வைப்பது என்ற வினாவை எந்தச் சமூகமும் தட்டிக்கழித்துவிட முடியாது. வழக்காடி முடிப்பது ஒரு வழி. நடுவர் ஒருவரை வைத்துப் பேசி முடிப்பது இன்னொரு வழி. முன்னதில் இருவரும் ஒருவரையொருவர் பழித்துரைக்க நேரிடுகின்றது. பணமும் காலமும் விரயமாகின்றன. பிள்ளைகள் இரு படைகளுக்கு நடுவே நிற்கும் நிலை உண்டாகின்றது. பின்னதில் பேச்சு தாழ்ந்த குரலில் நிகழ்கின்றது. எனவே அறிவும் பண்பும் உடையோர் பின்னதையே பெரிதும் விரும்புவர். இவ்விருப்பம் நியாயமானதே. எனினும் இவ்விருப்பத்தினுள்ளேயே நுட்பமான ஒழுக்கச் சிக்கல் ஒன்று பொதிந்து கிடக்கின்றது. இருவரும் மனமொத்து ஒரு நடுவரை ஏற்றுக்கொண்ட பின்னர், அவர்களுள் ஒருவர் தமக்கெனத் தனியே ஒரு சட்டத்தரணியை நாடி ஆலோசனை பெறுவது நம்பிக்கைத் துரோகமா? அன்றி அந்த நம்பிக்கைக்கே அடிப்படையாக அமையும் கடமையா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மத்தியஸ்தம் என்பது ஈழத்துத் தமிழரிடையே புதிதாகப் புகுந்த ஒன்றன்று. மாமன்மாரும் பெரியப்பன்மாரும் கோயில் தர்மகர்த்தாக்களும் பங்குத் தந்தையரும் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் குடும்பப் பிணக்குகளிடையே அமர்ந்து பேசித் தீர்த்த மரபு நெடியது. அரசும் இம்மரபைச் சட்ட வடிவிற் பேண முயன்றுள்ளது. 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தினால் இணக்க சபைகள் தோற்றுவிக்கப்பட்டன. அவை மறைந்த பின்னர், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் வழி மத்தியஸ்த சபைகள் அமைக்கப்பட்டன. பிணக்குற்றோர் இருவரும் தத்தமக்கு விருப்பமான ஒவ்வொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்வர்; அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிந்து தலைமை தாங்கச் செய்வர். சட்டத்தரணிகள் ஒருவர் சார்பில் வந்து வாதாட அங்கு இடமில்லை. எளிய மக்கள் தம் வாயாலேயே தம் குறையைச் சொல்லவேண்டும் என்ற நல்லெண்ணமே இவ்விலக்கின் அடிப்படை எனலாம்.

ஆயினும் திருமணத்தைக் கலைக்கும் அதிகாரம் எந்தப் பெரியவரிடமும் எந்தச் சபையிடமும் இல்லை. பொதுச் சட்டத்தின் கீழ் மணந்தோர்க்கு அது நீதிமன்றின் கையிலேயே உள்ளது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணமுறிவுக்கு மூன்று காரணங்களையே வகுத்தது: திருமணத்தின் பின் நிகழ்ந்த பிறழுறவு, தீய நோக்குடன் கைவிட்டுச் செல்லல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு அல்லது அதனையொத்த இயலாமை. இருவரும் பிரிய உடன்பட்டமை இம்மூன்றனுள் ஒன்றன்று. கண்டிய விவாகச் சட்டம் 1952இல் இருவர் சம்மதத்தாலான மணமுறிவுக்கு வழி வகுத்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டத்திலோ அத்தகைய வழி வகுக்கப்படவில்லை. இதன் விளைவு யாது? வெள்ளவத்தையில் ஒரு வரவேற்பறையில் அமைதியாகப் பேசி முடிக்கப்பட்ட உடன்பாடு புதுக்கடை நீதிமன்றுக்குச் செல்லும்போது, யாரேனும் ஒருவர் மற்றவரைக் கைவிட்டார் என்ற குற்றச்சாட்டின் வடிவத்தை எடுத்தாக வேண்டியிருக்கின்றது. யார் வழக்காளி, யார் எதிராளி, யார் மீது குற்றம் சாரும் என்பனவெல்லாம் பேச்சின்போது சிறிய ஒழுங்குகளாகத் தோன்றலாம். தீர்ப்பாணையில் அவை எழுத்தாகி நின்றுவிடுகின்றன.

இவ்விடத்தே பெரும்பாலும் நேர்வது ஒன்றுண்டு. இருவருள் வசதி படைத்தவர் ஒரு சட்டத்தரணியை அமர்த்துவார். உடன்பாட்டுப் பத்திரத்தை அவரே வரைவார். மற்றவர் அதைக் கண்ணால் மேலோட்டமாகப் பார்த்துக் கைச்சாத்திடுவார். “எல்லாம் பேசி முடித்ததுதானே, இனி இன்னொரு சட்டத்தரணி எதற்கு?” என்று சூழ இருப்போர் கேட்பர். தாயும் தந்தையுங்கூட அவ்வாறே கேட்பர். தனி ஆலோசனை நாடுபவர் பேராசைக்காரர், பிணக்கை வளர்ப்பவர், பெரியவர் சொல்லை மதியாதவர் என்ற பெயருக்கு ஆளாகின்றார். இப்பெயர் பெண்ணின் மீதே மிகுதியாகச் சுமத்தப்படுகின்றது என்பதை எவரும் மறுக்கமாட்டார்.

இனி, நடுவு நிலைமை என்பதன் இயல்பை நோக்குதல் வேண்டும். திருவள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்து, நடுவு நிலைக்குத் துலாக்கோலை உவமை காட்டியுள்ளார். துலாக்கோலின் சிறப்பு எப்பக்கமும் சாயாமை. ஆயின் அதே காரணத்தினால் துலாக்கோல் எந்தத் தட்டுக்கும் அறிவுரை கூற இயலாது. தன்மீது வைக்கப்பட்டவற்றை அது நிறுக்கும். வைக்கப்படாமல் விடப்பட்டதைப் பற்றி அது அறியாது. மத்தியஸ்தரின் நிலையும் இத்தகையதே. அவர் எத்துணை நேர்மையாளராயினும், ஒரு தரப்பினரை நோக்கி “நீர் இதனை விட்டுக்கொடுக்கின்றீர், இது சட்டப்படி உமக்குரியது” என்று கூறும் கணத்திலேயே மற்றத் தரப்பினரின் நடுவராக இருக்கும் தகுதியை இழந்துவிடுகின்றார். அவ்வாறு கூறாது வாளாவிருப்பாராயின், அறியாமையின்மேற் கட்டப்படும் ஓர் உடன்பாட்டுக்குத் தாமும் உடந்தையாகின்றார். பேசினால் நடுநிலை கெடும். பேசாதிருந்தால் நீதி கெடும். இந்த இரு முனைச் சிக்கலுள் நல்ல மத்தியஸ்தர் ஒவ்வொருவரும் ஒருநாள் அகப்பட்டே தீர்வர்.

இது வெறும் தருக்கச் சிக்கல் அன்று என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கணவனும் மனைவியும் பதினைந்து ஆண்டுகளாக வெள்ளவத்தையில் வாழ்கின்றனர் என்று கொள்வோம். மணமான பின்னர், கணவனின் சம்பளத்தைக் கொண்டு காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் ஒரு தொடர்மாடி வீடு வாங்கப்பட்டது. உறுதி கணவனின் பெயரில் மாத்திரம் உள்ளது. மத்தியஸ்தத்தின்போது “வீடு என் பெயரில் இருக்கிறது, அது எனக்கு. நகைகள் உனக்கு” என்று கணவன் கூறுகின்றான். மனைவியும் அதுவே நியாயம் என எண்ணுகின்றாள். நடுவரும் பிணக்கு எளிதில் தீர்ந்ததென மகிழ்கின்றார். ஆனால் அந்த வீடு உண்மையில் யாருடையது?

இதற்கான விடை அவர்கள் எந்தச் சட்டத்தினால் ஆளப்படுவோர் என்பதைப் பொறுத்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1707 அளவிலே தொகுத்தார். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதற்குச் சட்ட வலு அளித்தனர். அதுவே தேசவழமை. பின்னர் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் 1947ஆம் ஆண்டின் திருத்தமும் அதன் பல பகுதிகளை மாற்றியமைத்தன. திருமணம் நிலவுங்காலத்தில், ஒருவரது தனிச்சொத்திலிருந்து வராத பெறுமதியைக் கொடுத்து ஈட்டப்பட்ட சொத்து தேடியதேட்டம் எனப்படும்; அதில் கணவன், மனைவி இருவர்க்கும் பங்குண்டு என்பது தேசவழமையின் அடிப்படைக் கருத்தாகும். அப்பங்கின் தன்மை குறித்து 1947இன் பின்னர் நீதிமன்றுகளில் நுணுக்கமான வாதங்கள் நிகழ்ந்துள்ளன. ஆயினும் உறுதியில் ஒருவர் பெயர் மாத்திரம் இருப்பதனால் மற்றவர்க்கு ஒன்றுமில்லை என்று எடுத்த எடுப்பிற் கூறிவிட இயலாது.

தேசவழமை இடத்தை மாத்திரம் பற்றிய சட்டமன்று. ஆளைத் தொடரும் சட்டமுமாகும். யாழ்ப்பாண வாசி என்ற நிலையை இழக்காத ஒருவர் கொழும்பில் வாழினும் அது அவரைத் தொடரும். அந்நிலை நீடிக்கின்றதா, கொழும்பே நிலையான வாழ்விடமாகிவிட்டதா என்பது சான்றுகளைக் கொண்டு துணியப்பட வேண்டியதாகும். அன்றியும் தேசவழமைக்கு உட்படாத பெண் அதற்கு உட்பட்ட ஆணை மணந்தால், திருமணம் நிலவுங்காலத்தில் அவளும் அதற்கு உட்படுவாள். உட்பட்ட பெண் உட்படாத ஆணை மணந்தால் அக்காலத்தில் அவள் அதற்கு உட்படாள். இவ்வாறு 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இனி, இதே வீட்டை இதே விலைக்குக் கொட்டாஞ்சேனையிற் பிறந்து வளர்ந்த, யாழ்ப்பாணத் தொடர்பற்ற ஒரு தம்பதியர் வாங்கியிருப்பின் நிலைமை வேறு. அவர்களுக்குத் தேடியதேட்டம் என்பதே இல்லை. 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டத்தின் வழி ஒவ்வொருவர் சொத்தும் அவரவர்க்கே தனிச்சொத்தாக நிற்கும். அவ்விடத்து அந்த மனைவியின் கோரிக்கை வேறு பிரிவுகளின் கீழ், வேறு சான்றுகளுடன் எழுப்பப்படுதல் வேண்டும். ஒரே தெரு, ஒரே மொழி, ஒரே விதமான வீடு. எனினும் உரிமையோ வேறு. இவ்வேறுபாட்டை மாமன்மார் அறியார். அறிந்த நடுவரோ சொல்ல இயலாத நிலையில் இருக்கின்றார். சொல்லக்கூடியவர், அப்பெண்ணின் பக்கத்தில் மாத்திரம் நிற்கும் கடமை பூண்ட சட்டத்தரணி ஒருவரே.

நடுவரின் பணியையும் ஆலோசகரின் பணியையும் வேறுபடுத்துவது குடும்பத்தைக் குலைக்கும் மேனாட்டுப் பழக்கம் எனச் சிலர் கூறக்கூடும். கொட்டாஞ்சேனையின் புனித லூசியாள் பேராலயத்தைத் தம் தாய்க்கோவிலாகக் கொண்ட கத்தோலிக்கரின் திருச்சபையை இவர்கள் எண்ணிப் பார்த்தல் தகும். திருமணப் பிணைப்பு பிரிக்கப்படலாகாது என்பதில் அச்சபையினும் உறுதி காட்டிய நிறுவனம் அரிது. எனினும் ஒரு திருமணம் தொடக்கத்திலேயே செல்லுபடியானதா என்று அச்சபையின் நீதிமன்று ஆராயும்போது, நீதிபதி வேறு, திருமணப் பிணைப்பைக் காத்து வாதிடும் அலுவலர் வேறு, தரப்பினர்க்குத் துணை நிற்கும் வழக்குரைஞர் வேறு என 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பிரித்து வைத்துள்ளது. திருமணத்தைப் புனிதமெனக் கருதும் இடத்திலேயே இப்பிரிவு பேணப்படுமாயின், தனி ஆலோசனை திருமணத்துக்குப் பகை என்ற கூற்று வலுவிழந்து போகின்றது.

சிலப்பதிகாரமும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது. பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். நீதி பிழைத்ததை உணர்ந்த அக்கணமே உயிர் நீத்த பெருமகன். அவனிடம் குறைந்திருந்தது நல்லெண்ணமன்று. மற்றத் தரப்பின் உண்மையே அவன் செவிக்கு எட்டவில்லை. பொற்கொல்லனின் சொல் எட்டியது. சிலம்பினுள் இருந்தவை முத்துக்களல்ல, மாணிக்கங்கள் என்ற செய்தி கொலை நிகழ்ந்த பின்னரே எட்டியது. நல்லவர் ஒருவர் நடுவராக இருப்பதே போதும் என்போர்க்கு இதனினும் கடுமையான மறுமொழி வேண்டுவதில்லை.

தனி ஆலோசனைக்கு எதிராகக் கூறப்படும் முதன்மையான தடை, சட்டத்தரணிகள் பிணக்கை மூட்டிவிடுவர் என்பதாகும். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. வழக்கு நீள்வதனால் ஊதியம் பெறும் தொழிலில் அத்தகையோர் இருத்தல் இயல்பே. ஆயினும் தொழிலின் சீர்கேட்டைக் கொண்டு தொழிலின் இயல்பை வரையறுத்தல் தவறாகும். 1893இல் தென்னாபிரிக்கா சென்ற இளம் வழக்குரைஞர் மோகன்தாஸ் காந்தி, தாதா அப்துல்லா என்ற வணிகரின் பக்கத்தில் நின்றார். வழக்கில் 40,000 பவுண் சம்பந்தப்பட்டிருந்தது, எதிர்த்தரப்பினரோ உறவினர். சட்டமும் சான்றும் தம் கட்சிக்காரர் பக்கமே வலுவாக உள்ளன என்பதை நுணுகிக் கற்றறிந்த பின்னரே காந்தி இருவரையும் நடுவர் தீர்ப்புக்கு இணங்கச் செய்தார். தீர்ப்புச் சார்பாக வந்தபின், தோற்றவர் அழிந்துபோகாதிருக்க நீண்ட காலத் தவணைகளிற் பணத்தைப் பெற்றுக்கொள்ளுமாறு தம் கட்சிக்காரரையும் இணங்க வைத்தார். பிரிந்தோரை இணைப்பதே வழக்குரைஞர் தொழிலின் மெய்ப்பொருள் எனத் தாம் அங்குக் கற்றதாகச் சத்தியசோதனையில் அவர் எழுதியுள்ளார். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனில், அவர் ஒரு பக்கத்தில் நின்றுகொண்டே இணக்கம் உண்டாக்கினார் என்பதாகும். தன் வழக்கின் வலுவை நன்கறிந்தவனுக்கே விட்டுக்கொடுக்கும் துணிவு பிறக்கும். அறியாதவன் அச்சத்தினால் ஒன்றில் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வான், அன்றில் எல்லாவற்றையும் விட்டுவிடுவான்.

இரண்டாவது தடை, தனி ஆலோசனை அவநம்பிக்கையின் அடையாளம் என்பது. நம்பிக்கை என்பது யாது என்று கேட்டால் இத்தடை நீங்கும். மற்றவர் ஏமாற்றமாட்டார் என்று கருதுவது நம்பிக்கை. மற்றவர்க்கும் தனக்கும் சட்டம் முழுமையாகத் தெரியும் என்று கருதுவது நம்பிக்கையன்று, அது கவனமின்மை. முன்னர்க் கூறிய வெள்ளவத்தைக் கணவன் வஞ்சகன் அல்லன். வீடு தன்னுடையது என்றே அவன் உண்மையாக எண்ணியிருக்கலாம். இருவரும் நேர்மையாளராக இருந்தும் உடன்பாடு அநீதியாக முடியக்கூடும் என்பதே இச்சிக்கலின் ஆழம். ஆகவே தனி ஆலோசனை நாடுவது எதிரியின் தீமைக்கு எதிரான காப்பு மாத்திரமன்று. இருவருக்கும் பொதுவான அறியாமைக்கு எதிரான காப்புமாகும்.

மூன்றாவது தடை பணம். கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் வாழும் கூலித் தொழிலாளியின் மனைவியிடம் சட்டத்தரணியைக் கண்டு வா என்று கூறுவது ஏளனமாகத் தோன்றலாம். இத்தடையே மூன்றினுள்ளும் வலுவானது. ஏழைகளுக்கு இவ்வகையில் உதவும் பொருட்டே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடை தொலைவன்று. ஆயினும் அந்தக் குறுகிய தூரத்தைப் பெண்ணொருத்தி கடப்பதற்குப் பேருந்துக் கட்டணத்தைக் காட்டிலும் பெரிய செலவொன்றுண்டு. அது அவளைப் பற்றி ஊரார் பேசும் பேச்சு. அச்செலவைக் குறைப்பது அரசின் கையில் இல்லை. பேச்சுக்குத் தலைமை தாங்கும் பெரியவர்களின் கையிலேயே உள்ளது. அவர்களே “முதலிற் சென்று கேட்டு வா, பிறகு பேசுவோம்” என்பார்களாயின் ஊர் வாய் அடங்கும்.

தனி ஆலோசனை வேறு, சட்டத்தரணி வந்து வாதாடுவது வேறு என்பதையும் தெளிதல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 74ஆம் பிரிவு காதிமார் முன்னிலையிற் சட்டத்தரணிகள் தோன்றுவதை விலக்கியது. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்டு 2018இல் அறிக்கை சமர்ப்பித்த குழுவின் ஆய்வினையொட்டி முஸ்லிம்களிடையே நிகழ்ந்த விவாதங்களில் இவ்விலக்கும் ஒரு பொருளாக இருந்தது. இந்தியாவிலும் 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்குரைஞர் மூலம் தோன்றுவதைத் தரப்பினர்க்கு உரிமையாக வழங்கவில்லை. இவ்விலக்குகளுக்குச் சார்பாகவும் எதிராகவும் பல கூறலாம். ஆனால் இவற்றுள் எதுவும், மன்றுக்கு வரும் முன்னர் ஒருவர் தம் உரிமையைக் கேட்டறிவதைத் தடுக்கவில்லை. உள்ளே ஒலிக்கும் குரல் வேறு. வெளியே பெறும் அறிவு வேறு. குரலை மட்டுப்படுத்துவது அமைதிக்காக இருக்கலாம். அறிவை மட்டுப்படுத்துவது எதற்காகவும் நியாயமாகாது. சட்டத்தரணிக்கு இடமில்லாத சபைக்குச் செல்பவர்க்கே முன்கூட்டிய ஆலோசனை மிகுதியாக வேண்டப்படுகின்றது.

அவ்வாறாயின் ஆலோசனை பெற்றுவிட்டாற் போதுமா? போதாது என்பதைப் பிறநாட்டுத் தீர்ப்புகள் இரண்டு காட்டுகின்றன. அவை மணமுறிவு மத்தியஸ்தத்தில் எழுந்தவையல்ல. கணவன், மனைவியரிடையே செய்யப்பட்ட சொத்து உடன்படிக்கைகள் பற்றியவை. எனினும் சிக்கல் ஒன்றே. 2010இல் ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்றம் தன்முன் வந்த வழக்கொன்றிற் கணவன் தனி ஆலோசனை பெறாதிருந்தும் அவர் தாம் செய்தது யாதென உணர்ந்திருந்தார் எனக் கொண்டு உடன்படிக்கைக்கு வலு அளித்தது. அவுஸ்திரேலியாவிற் சட்டமே இத்தகைய உடன்படிக்கைகளுக்குத் தனி ஆலோசனையை வேண்டியிருந்தது. அங்கு வந்த வழக்கொன்றில் மணப்பெண் சட்டத்தரணியைக் கண்டார்; கைச்சாத்திட வேண்டாம் என அவர் எச்சரித்தார். எனினும் திருமண நாள் நெருங்கிவிட, வேறு போக்கிடமின்றி அவர் கைச்சாத்திட்டார். 2017இல் அந்நாட்டின் மேல் நீதிமன்றம் அவ்வுடன்படிக்கையைத் தள்ளிவைத்தது. முதலாவதில் ஆலோசனையில்லை, ஆனால் உணர்வு இருந்தது. இரண்டாவதில் ஆலோசனை இருந்தது, ஆனால் சுதந்திரம் இல்லை. ஆகவே சட்டத்தரணியின் சான்றிதழ் முடிவான பொருளன்று. அறிதலும் அச்சமின்மையுமே முடிவான பொருள்கள். ஆலோசனை அவற்றை அடைவதற்கான வழி. வீட்டில் அடி உதை நிகழ்ந்த இடத்தில் பேச்சுவார்த்தையை ஒத்திவைத்து, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பை முதலில் நாடுவதே முறை என்பதும் இதனாற் பெறப்படும்.

இதுவரை கூறியவற்றிலிருந்து, உரிமை முழுவதையும் பெற்றே தீர வேண்டும் என்பது பெறப்படாது. மனைவி தன் பங்கை அறிந்த பின்னரும், பிள்ளைகளின் தந்தை தெருவில் நிற்கலாகாது என்றெண்ணி அதை விடக்கூடும். கணவன் தனக்குச் சட்டம் விதிக்காத ஒன்றையும் கொடுக்க முன்வரக்கூடும். இத்தகைய செயல்களே பிரிவினுள்ளும் மனிதப் பண்பைக் காப்பவை. ஆனால் தன்னுடையது என்றறிந்து விடுவதே கொடை; தன்னுடையது என்றே அறியாமல் விடுவது இழப்பு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே பத்திரம், ஒரே கைச்சாத்து. அகத்தே இரண்டுக்கும் உள்ள தொலைவு பெரிது. கொடுத்தவர் பின்னாளில் அமைதி அடைவர். இழந்தவர் உண்மை தெரியவரும் நாளில் நடுவரையும் பெற்றோரையும் முன்னாள் துணையையும் ஒருங்கே வெறுப்பர். எனவே தனி ஆலோசனை இணக்கத்தின் பகை என்பது பிழை. பத்தாண்டு கழிந்தும் நிலைக்கும் இணக்கத்துக்கு அதுவே அடித்தளமாகின்றது.

பிள்ளைகளின் நிலை இக்கருத்தை மேலும் வலியுறுத்துகின்றது. பெற்றோர் தம் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவர்கள் யார்? “விரைவில் விடுதலை கிடைத்தாற் போதும், பிள்ளைகளுக்கு ஒரு சதமும் கேட்கமாட்டேன்” என எழுதிக்கொடுக்கும் தாய் தன் பொருளையன்றிப் பிள்ளையின் பொருளையே கொடுக்கின்றாள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பிள்ளையைத் தாபரிக்கும் கடமையைப் பெற்றோர் மீது வைத்து, அதனை நீதவான் நீதிமன்றிற் கோர வழிசெய்தது. இவ்வுரிமை உண்டென்பதை அத்தாய்க்கு எடுத்துக் கூறுபவர் பேச்சு மேசையில் இல்லாதிருக்கலாம். தனி ஆலோசகர் கூறுவார்.

இவ்வாறு நோக்குங்கால், கடமை ஆலோசனை நாடுபவர்க்கு மாத்திரம் உரியதன்று என்பது புலனாகும். அறிவும் பணமும் மிகுந்த தரப்பினர்க்கு அது இன்னும் பெரிய கடமை. தாம் சட்டத்தரணியைக் கண்டுவிட்டு, மற்றவர் காணாதிருப்பதை வசதியெனக் கருதி மௌனம் காப்பவர் பொய் எதுவும் சொல்லவில்லை. எனினும் மற்றவரின் அறியாமையிற் பயன் பெறுகின்றார். ஒருகாலத்தில் தம் வாழ்வைப் பகிர்ந்துகொண்டவரிடம் இவ்வாறு பயன் பெறுவது, சட்டம் தண்டியாவிடினும், அறம் பொறுக்கத் தக்கதன்று. மத்தியஸ்தரின் இரு முனைச் சிக்கலுக்கும் விடுதலை இதிலேயே உண்டு. அவர் எவர்க்கும் சட்டம் கூற வேண்டியதில்லை. பத்திரம் வரையப்படும் முன்னர், இருவரையும் ஒரே சொல்லால் தத்தம் சட்டத்தரணியிடம் அனுப்பினாற் போதும். இருவர்க்கும் ஒன்றையே கூறுவதனால் நடுநிலை கெடாது. இருவரும் அறிந்து வருவதனால் நீதியும் கெடாது.

மணமுறிவு வழக்கில் முதலில் வழங்கப்படும் தீர்ப்பாணை உடனே முடிவானதாவதில்லை. மூன்று மாதங்களுக்குக் குறையாத காலம் கழிந்த பின்னரே அது முடிவாக்கப்படும். மனிதர் அவசரப்படக்கூடியவர் என்பதைச் சட்டமே உணர்ந்து வைத்த இடைவெளி அது. ஆயினும் அந்த இடைவெளி கைச்சாத்துக்குப் பின்னர் வருவது. கைச்சாத்துக்கு முன்னரே வேண்டப்படும் இடைவெளியைச் சட்டம் தர இயலாது. பெரியவர்களும் நண்பர்களும் தரவேண்டும். ஒரு வாரம் பொறுத்து, இருவரும் தனித்தனியே கேட்டறிந்து வந்து, பின்னர் அதே மேசையில் அமர்வார்களாயின், அங்குப் பேசப்படுவது முன்னையதே ஆயினும் அதன் பெறுமதி வேறு. அப்போதுதான் “சம்மதிக்கின்றேன்” என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாகும்.